துணி வைத்திருக்கும் அறையைத் தவறவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் ஆம்ஸ்டர்டாம் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். ரைக்ஸ்மியூசியத்தில் பார்க்க வேண்டியவை என்று ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’, வெர்மீரின் பால் ஊற்றும் பெண், ஆசியக் கூடத்தில் இருக்கும் நம் நடராசர் ஆகிய மூன்றையும் கட்டுரையாளர் அழகாக விவரித்திருந்தார். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதை அடுத்து அவர் எழுதிய வரிதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். நேரம் குறைவாக இருப்பவர்கள் பீங்கான், மரச்சாமான், துணிமணி வைத்திருக்கும் அறைகளை விட்டுவிடலாம் என்கிறார். வேறு யார் விட்டாலும் தமிழ் வாசகர்கள் அந்த அறைகளை விடக்கூடாது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் குடும்பம் ஆம்ஸ்டெல்வேனில் இருப்பதால் வருடத்தில் சில மாதங்கள் இங்கேதான் இருக்கிறேன். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபிறகு மியூசியம் பக்கம் கிளம்பிவிடுவேன். ஓவியத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு எனக்குப் படிப்பு கிடையாது. ஆனால் ஒரு துணியைப் பார்த்தால் அதில் எந்தச் சாயம் முதலில் ஏறியது, எது பின்னால் வந்தது, எது போய்விட்டது என்று என்னால் சொல்ல முடியும். அந்தக் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

ரைக்ஸ்மியூசியத்தின் இப்போதைய அமைப்பே கட்டுரையாளரின் யோசனைக்கு எதிரானது. 1885இல் திறந்த அந்தக் கட்டடத்தைப் பத்து வருடம் மூடிவைத்துச் செப்பனிட்டு 2013 ஏப்ரலில் மறுபடி திறந்தார்கள். ஓவியம் ஒருபக்கம், வெள்ளிப் பாத்திரம் ஒருபக்கம், சரித்திரப் பொருள் இன்னொரு பக்கம் என்று இருந்த பழைய பிரிவினையை அப்போது கலைத்துவிட்டு, நூற்றாண்டுவாரியாக எல்லாவற்றையும் சேர்த்தே வைத்தார்கள். 80 கூடங்கள், சுமார் 8,000 பொருட்கள். படத்தில் இருக்கும் குவளையும் நிஜக் குவளையும் ஒரே காலத்தின் பிள்ளைகள், அவற்றை ஏன் பிரிக்க வேண்டும் என்பது அவர்கள் யோசனை. வெர்மீரின் பால் ஊற்றும் பெண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அவள் நிற்கும் அறையில் சுவரின் அடிப்பகுதியில் சின்னச் சின்னதாக டெல்ஃப்ட் ஓடுகள் பதித்திருக்கும். ஓவியத்தில் அந்த ஓட்டைப் பார்த்து வியந்துவிட்டு, நிஜமான டெல்ஃப்ட் பீங்கான் இருக்கும் அறையை விட்டுவிட்டுப் போவதில் என்ன நியாயம் இருக்கிறது?

டெல்ஃப்ட் பீங்கானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது உண்மையில் பீங்கானே இல்லை. சுட்ட மண்பாண்டத்தின் மேல் வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சு பூசி, அதன்மேல் நீலத்தில் எழுதியது. 1640களில் சீனத்தில் மிங் அரசு விழுந்து, அங்கிருந்து சரக்கு வருவது குறைந்தபோது, டெல்ஃப்ட் குயவர்களுக்கு நல்ல காலம் பிறந்தது. சீனச் சரக்கைப் பார்த்துப் பார்த்துச் செய்து, அதிலேயே தங்களுக்கென்று ஒரு கைவண்ணத்தைக் கண்டுகொண்டார்கள். அடுக்கடுக்காகக் கோபுரம்போல் எழும்பி, மூலைக்கு மூலை பூச்செருக ஒரு மூக்கு வைத்த பூந்தாழிகளை அங்கே பார்க்கலாம்.

அதேபோல் பெட்ரோனெல்லா ஓர்ட்மன் என்ற பெண்மணியின் பொம்மை வீடு. 1686 தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் சேர்த்துச் சேர்த்து உருவாக்கியது. கால்வாய் ஓரத்தில் நிஜ வீடே வாங்கிவிடலாம், அவ்வளவு செலவு செய்திருக்கிறார். அது குழந்தைகள் விளையாடுவதற்கானது அல்ல, பெரியவர்கள் வந்து பார்த்து மெச்சுவதற்கானது. உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் நிஜப் பொருளால் ஆனது. அவர் கணவர் பட்டு வியாபாரி என்று அறிந்தபோது, திரைச்சீலைகளிலும் படுக்கை விரிப்பிலும் ஏன் அத்தனை கவனம் என்று எனக்கு விளங்கியது.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

நெதர்லாந்தின் வடக்கே ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தின் தலைநகரான லேவார்டன் என்ற ஊரில் ஃப்ரீஸ் மியூசியம் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பயணக் கட்டுரைகளில் அந்த ஊர்ப் பெயரே வராது. ஆனால் நம் கடற்கரையில் கையால் எழுதிச் சாயமிட்ட சீட்டித் துணிகளின் மிக முக்கியமான தொகுப்புகளில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. 2017இல் அதற்கென்றே பெரிய கண்காட்சி நடத்தினார்கள். நான் போயிருந்தேன். பெண்கள் மேலாடை, சட்டை, குழந்தைத் தொப்பி, சுவரில் தொங்கவிடும் பெரிய விரிப்பு என்று கூடம் கூடமாக வைத்திருந்தார்கள். ஹிண்டலோப்பன் என்ற சின்னத் துறைமுக ஊரில் பெண்கள் இந்தத் துணியில் கால்வரை வரும் நீண்ட மேலங்கி அணிந்திருக்கிறார்கள். நல்ல நாளில் சிவப்பு, துக்கத்தில் நீலம் என்று அவர்களுக்கு ஒரு முறை இருந்திருக்கிறது. பனி கொட்டும் ஊரில், மீன் வாடை வீசும் தெருவில், நம் சாயவேரின் சிவப்பு திருவிழா உடையாக இருந்திருக்கிறது.

அதில் ஒரு துணியின் முன் நெடுநேரம் நின்றேன். வெள்ளைத் தளத்தில் வளைந்து ஏறும் கொடி. பூக்கள் நான்கைந்து வகைச் சிவப்பில் இருந்தன: கருஞ்சிவப்பு, செங்கல் நிறம், ரோஜா, அதற்கும் வெளிறிய ஒரு நிறம். இலைகள் எல்லாம் நீலம். பக்கத்தில் நின்றவர்கள் நீல இலையை ஓவியனின் கற்பனை என்று ரசித்துக்கொண்டிருந்தார்கள். கற்பனை ஒன்றும் இல்லை. அந்த இலைகள் பச்சையாகத்தான் பிறந்தன. துணியில் பச்சைக்கென்று தனிச் சாயம் கிடையாது. அவுரியில் நீலம் ஏற்றி, அதன்மேல் மஞ்சளைத் தூரிகையால் பூசினால்தான் பச்சை. மஞ்சள் வெளிச்சத்துக்குத் தாங்காது. இருநூறு முந்நூறு வருடத்தில் அது பறந்துபோய் அடியில் இருந்த நீலம் மட்டும் நிற்கிறது. குனிந்து பார்த்தபோது மடிப்புக்குள் வெளிச்சம் படாத ஓர் ஓரத்தில் மட்டும் லேசான பச்சை தெரிந்தது.

கறுப்புக் கோடுகளையும் பாருங்கள். பூவின் வெளிக்கோடு சில இடங்களில் கோடாக இல்லை, மெல்லிய கீறலாக இருக்கும். இரும்புத் துருவையும் வெல்லத்தையும் ஊறவைத்துப் புளிக்கவிட்டு எடுத்த கறுப்பு அது. கடுக்காய் ஏறிய துணியில் பட்டவுடன் கரியாகக் கறுக்கும், அசையாது. ஆனால் அந்த இரும்பே காலப்போக்கில் நூலை அரித்துவிடும். அதனால் கோடு விழுந்த இடத்தில் துணி இற்றுப்போகிறது, சிவப்பு ஏறிய இடம் முழுசாக இருக்கிறது. எந்தச் சாயம் துணிக்கு நல்லது செய்தது, எது கெடுத்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அந்தச் சிவப்பு எப்படி வந்தது என்று ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கண்காட்சிகளின் சாரமே அதுதான். வெளுத்த துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் ஊறவைப்பார்கள். பாலின் கொழுப்பு இருப்பதால் எழுதும்போது மை பரவாது. பிறகு சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலை எழுதுகோலால் எழுதுவார்கள். படிகாரத்துக்கு நிறம் கிடையாது. எழுதுகிறவருக்குத் தெரிவதற்காக அதில் கொஞ்சம் பதிமுகம் என்ற சிவப்பு மரச்சாயம் கலந்துகொள்வதுண்டு. அதன்பின் துணி முழுவதையும் சாயவேரில் போட்டுக் காய்ச்சினால், படிகாரம் இருக்கும் இடத்தில் மட்டும் சிவப்பு பிடிக்கும். மற்ற இடத்தில் ஒட்டியது சாணம் கரைத்த தண்ணீரிலும் வெயிலிலும் வெளுத்துப் போகும். படிகாரம் திக்காக இருந்தால் கருஞ்சிவப்பு, தண்ணீராக இருந்தால் ரோஜா. நீலத்துக்கு வேறு வழி: நீலம் வேண்டாத இடம் முழுக்க மெழுகு பூசி மூடிவிட்டு, துணியை அவுரித் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். லேப் இல்லை, தெர்மாமீட்டர் இல்லை, பிஎச் மீட்டர் இல்லை. நாலு ஷேடு சிவப்பை ஒரே காய்ச்சலில் எடுத்திருக்கிறார்கள். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் ஷேடு பார்க்கும் பட்டறையில் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதற்குத் தலைவணங்க வேண்டும்.

ஐரோப்பாவில் இது யாருக்கும் தெரியாமல் இருந்தது. அவர்கள் பருத்தியில் அச்சடித்த நிறம் மேலோட்டமாக நின்று, துவைத்தால் போய்விட்டது. நம் துணியைத் துவைக்கத் துவைக்க நிறம் தெளிந்தது. தங்கள் நெசவாளர்களைக் காப்பாற்ற பிரான்ஸ் 1686இல் இந்தத் துணிக்குத் தடை போட்டது. இங்கிலாந்தும் பின்னாலேயே தடை விதித்தது. டச்சுக்காரர்கள் தடை போடவில்லை. வியாபாரம் அவர்கள் கையில் இருந்ததே காரணம். டச்சு வீடுகளில் இந்தத் துணி இவ்வளவு தப்பிப் பிழைத்ததற்கு அந்த முடிவும் ஒரு காரணம். 1678இலேயே அமெர்ஸ்ஃபோர்ட் நகரில் இதைப் பார்த்துச் சீட்டி அச்சடிக்கும் பட்டறை ஒன்று தொடங்கிவிட்டது. 1742இல் கெர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், தன்னிடம் மதம் மாறிய சாயக்காரர்களிடம் கேட்டுக்கேட்டு முழுச் செய்முறையையும் கடிதமாக எழுதி ஊருக்கு அனுப்பினார். தொழில் ரகசியம் அப்படித்தான் கடல் கடந்தது.

இவ்வளவும் நம்முடையது என்று நான் சொந்தம் கொண்டாட வரவில்லை. இந்தத் துணிகளில் மிக நயமானவை பல மசூலிப்பட்டினம், பாலகொல்லு பக்கத்துத் தெலுங்குக் கைகளில் பிறந்தவை. பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் வழியாகப் போனவையும் உண்டு. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை எழுப்பினார்கள். நாகப்பட்டினத்தை 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்து, 1781இல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை வைத்திருந்தார்கள். மியூசியக் குறிப்பில் இவை எல்லாம் ஒரே பெயரில் ‘கோரமண்டலக் கடற்கரை’ என்று அடங்கிவிடும். செய்தவர் என்ற இடத்தில் பெரும்பாலும் ‘பெயர் அறியப்படாதவர்’ என்றிருக்கும்.

அந்தச் சொல்தான் என்னை மிகவும் உறுத்துகிறது. டெல்ஃப்ட் பாத்திரத்தின் அடியில் பட்டறையின் முத்திரை இருக்கிறது. வெள்ளிக் குவளையில் தட்டானின் அடையாளம் இருக்கிறது. துணியை வாங்கி விற்ற பழவேற்காட்டு வணிகர்களின் பெயர்கூட டச்சு ஆவணங்களில் நிலைத்திருக்கிறது. மலையா என்று அவர்கள் அழைத்த அச்சுதப்ப செட்டி, அவருடைய தம்பி சின்னண்ண செட்டி இருவரைப் பற்றியும் ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். எழுதுகோலைப் பிடித்தவரின் பெயர்தான் இல்லை. டேனியல் ஹாவர்ட் என்ற டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர் 1693இல் பாலகொல்லு துணி ஓவியர்களைப் பற்றி எழுதும்போது, வேலை நத்தை நகர்வதுபோல் நகர்கிறது என்றும், பொறுமைக்கு ஓர் உருவம் வரைய நினைப்பவனுக்கு இவர்களில் ஒருவரே போதும் என்றும் வியக்கிறார். பக்கத்தில் நின்று அவ்வளவு பார்த்த மனிதர், உன் பெயர் என்ன என்று கேட்டு அதையும் எழுதி வைத்திருக்கலாம்.

நடராசரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 153 செ.மீ. உயரம், பிற்காலச் சோழர் காலத்து வார்ப்பு. ஆசியக் கலை நண்பர்கள் சங்கம் ஒன்று 1935இல் வாங்கி மியூசியத்தில் வைத்திருக்கிறது. 2024இல் நடந்த ஆசிய வெண்கலக் கண்காட்சியிலும் அவர் முன்னால் கூட்டம் நின்றது. அவர் எப்படிக் கோயிலை விட்டு வந்தார் என்று நம்மவர்கள் கேட்பது நியாயம், கேட்கவும் வேண்டும். அப்படிக் கேட்டதால்தான் கண்டி அரசனின் அலங்காரப் பீரங்கி ஊர் திரும்பியது. வெள்ளியும் பொன்னும் மாணிக்கமும் பதித்த அந்தச் சின்னப் பீரங்கி, 1765இல் டச்சுப்படை கண்டியில் கொள்ளையடித்தது. நெடுங்காலம் ரைக்ஸ்மியூசியத்தில் இருந்து, இன்னும் ஐந்து பொருட்களோடு 2023இல் இலங்கைக்குத் திருப்பித் தரப்பட்டது.

துணியின் கதை வேறு. அது காசு கொடுத்து வாங்கியது. திருப்பிக் கேட்கும் பேச்சு அதில் இல்லை. அதற்காக அது குற்றமில்லாத வியாபாரம் என்றும் சொல்லிவிட முடியாது. கோட்டையும் துப்பாக்கியும் பின்னால் நிற்கும்போது பேசிய விலை அது. 1659 தொடங்கிச் சோழமண்டலத்தில் பஞ்சம் வந்தபோது, பசியால் விற்கப்பட்ட ஆயிரக்கணக்கான மனிதர்களையும் இதே கம்பெனியின் கப்பல்கள் அடிமைகளாக ஏற்றிப்போயின. 2021இல் ரைக்ஸ்மியூசியம் அடிமை முறையைப் பற்றிப் பெரிய கண்காட்சி நடத்தி, பத்து மனிதர்களின் வாழ்க்கை வழியாக அதைச் சொன்னது. அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. பூப்போட்ட துணிக்குப் பக்கத்திலும் இந்தக் கதை இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கட்டுரையாளர் சொல்லாமல் விட்ட நடைமுறை விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தத் துணிகள் எப்போதும் வெளியில் இருக்காது. எண்ணெய் ஓவியம் வருடக்கணக்கில் சுவரில் தொங்கும். சாயத்துணியைச் சில மாதம் காட்டிவிட்டு, பிறகு பல வருடம் இருட்டில் வைத்துவிடுவார்கள். காட்டும்போதும் விளக்கு 50 லக்ஸ் அளவுக்குத்தான், அதாவது அலுவலகத்தில் இருக்கும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு. அறை ஏன் இவ்வளவு இருட்டாக இருக்கிறது என்று முணுமுணுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கண் பழக ஐந்து நிமிடம் கொடுங்கள், எல்லாம் தெரியும். வெளிச்சம் எவ்வளவு கெடுக்கிறது என்று அளப்பதற்கு மியூசியங்கள் வைத்திருப்பது நீலக் கம்பளிப் பட்டைகள், எட்டுத் தரம். சாயப்பட்டறையில் லைட் ஃபாஸ்ட்னஸ், அதாவது சாயம் வெளிச்சத்துக்கு எவ்வளவு தாங்கும் என்று பார்க்க நாங்கள் வைத்திருந்ததும் அதே பட்டைகள்தான். ஆகவே இங்கே துணிக் கண்காட்சி என்று அறிவிப்பு வந்தால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அதே துணி மறுபடி வெளியே வர எத்தனை வருடம் ஆகுமோ.

நேரில் வர முடியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ரைக்ஸ்மியூசியம் தன் பொருட்களின் படங்களை லட்சக்கணக்கில் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. டச்சில் ‘சிட்ஸ்’ என்று தேடினால் சீட்டித் துணிகள் வரும். நூலிழை தெரியும்வரை பெரிதாக்கிப் பார்க்கலாம், இறக்கி அச்செடுத்தும் வைத்துக்கொள்ளலாம். கைத்தறி, ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்களுக்கு ஆசிரியர்கள் இதைக் காட்ட வேண்டும். குடும்பத்தோடு ஆம்ஸ்டர்டாம் வருகிறவர்களுக்கும் ஒரு தகவல்: 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. பிள்ளைகளைப் பொம்மை வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டு அப்படியே தரைத்தளத்துக்கு இறங்குங்கள். உடை, டெல்ஃப்ட், ஆயுதம், கப்பல் மாதிரிகள் என்று சிறப்புத் தொகுப்புகள் எல்லாம் அங்கே இருக்கின்றன.

இன்னொன்றும் கேட்கிறேன். டச்சுக் கம்பெனியின் ஆவணங்கள் ஹேக் நகரில் மட்டும் இல்லை, சென்னை ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. இரண்டும் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2003இல் இடம்பெற்ற ஒரே தொகுப்பின் பகுதிகள். அவற்றைப் படிக்கப் பழைய டச்சு தெரிய வேண்டும். தமிழும் டச்சும் சேர்த்துத் தெரிந்த ஆய்வாளர்கள் நமக்கு மிகக் குறைவு. எந்த ஊர்ச் சாயக்காரருக்கு எவ்வளவு முன்பணம் போனது என்று யாராவது உட்கார்ந்து தேடினால், ‘பெயர் அறியப்படாதவர்’ என்ற சொல்லுக்குப் பதிலாக ஓர் ஊரின் பெயராவது, ஒரு தெருவின் பெயராவது கிடைக்கலாம். நம் பல்கலைக்கழகங்கள் ஒரு டச்சு மொழி வகுப்பைத் தொடங்கினால் அது பெரிய உதவியாக இருக்கும்.

உங்கள் பத்திரிகை ஐரோப்பிய மியூசியங்களைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, அங்கே அப்போது நடக்கும் துணி, பீங்கான், கைவினைக் கண்காட்சிகளுக்கும் நான்கு வரி ஒதுக்குங்கள். லேவார்டன் என்ற ஊர்ப் பெயரையும் போடுங்கள். அந்த ஊரில் ப்ரின்ஸெஸ்ஸஹோஃப் என்ற பீங்கான் மியூசியமும் இருக்கிறது, ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டையிங் மாஸ்டர் ஒருவர்,
ஆம்ஸ்டெல்வேன், நெதர்லாந்து.